ஃபயர்வாலை அணைக்காமல் ஆன்டிவைரஸுக்கு வழி விடுவது எப்படி?

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் உள்ள சின்ன அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கிரானைட் அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம், மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவு என்று எங்கே போனாலும் ஃபயர்வால் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். பல இடங்களில் அணைந்து கிடக்கும். கேட்டால், "புது ஆன்டிவைரஸ் போட்டப்போ எந்த மெஷினும் சர்வர்ல காட்டலைண்ணா, அதான் ஆஃப் பண்ணிட்டோம்" என்பார்கள். வாட்ச்மேனை வேலைக்கு வைத்துவிட்டு, அவர் உள்ளே வரத் தோதாக இருக்கட்டும் என்று கேட்டையே கழற்றிப் போட்டால் எப்படி? எனக்கு மனசு கேட்பதே இல்லை. முறையாகச் செய்தாலும் இது பத்து, பதினைந்து நிமிட வேலைதான்.

ஐந்து முதல் இருபது கம்ப்யூட்டர் வரை வைத்திருக்கும் அலுவலகத்தில், ஒரு மெஷினில் ஆன்டிவைரஸின் நிர்வாக மென்பொருளைப் போட்டு மற்ற மெஷின்களை அங்கிருந்தே கவனிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிர்வாக மென்பொருள் இருக்கும் அந்த மெஷினைத்தான் சர்வர் என்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதையே இன்னும் ஓட்டுகிறவர்கள் ஃபயர்வாலை அணைக்கவே கூடாது.

வாசலில் என்ன நடக்கிறது

மாங்காய் சீசனில் கூழ் ஆலை வாசலைப் பார்த்தவர்களுக்கு ஃபயர்வால் சுலபமாகப் புரியும். தோதாபுரி ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கும். வாட்ச்மேன் கையில் நோட்டு இருக்கும். யாருடைய லோடு, எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் இறக்க வேண்டும் என்று கேட்பார். நோட்டில் இருந்தால் வண்டி உள்ளே போகும், இல்லையென்றால் வெளியே நிற்கும். ஆனால் டீசல் போட ஆலையிலிருந்து கிளம்பிப் போன சொந்த வண்டி திரும்பி வந்தால் எதுவும் கேட்கமாட்டார். அது கிளம்பிப் போனதை அவரே பார்த்திருக்கிறார்.

விண்டோஸ் ஃபயர்வாலும் இப்படித்தான். உள்ளிருந்து வெளியே போவதை வழக்கமாகத் தடுக்காது. போன கோரிக்கைக்குத் திரும்பி வரும் பதிலையும் விட்டுவிடும். பிரவுசரில் ஒரு தளத்தைத் திறக்க எந்த விதியும் எழுத வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து தட்டும்போது மட்டும் நோட்டைப் பார்க்கும். நோட்டில் இல்லை என்றால் பதிலே சொல்லாமல் விட்டுவிடும். உள்வரும் இணைப்புக்கு விதி எழுதுவது என்றால் அந்த நோட்டில் ஒரு வரி சேர்ப்பது, அவ்வளவுதான்.

இந்த வாட்ச்மேன் எப்போதும் இருந்தவர் அல்ல. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைந்த நிலையில்தான் வந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு 135-ஆம் போர்ட் வழியாக மெஷின் மெஷினாக ஏறியது. போர்ட் என்றால் மெஷினுக்குள் வர எண் போட்டு வைத்திருக்கும் வாசல். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை, நெட்டில் இருந்தாலே போதும். அதற்கு அடுத்த ஆண்டு, நம் மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்த அதே 2004-இல், ஆகஸ்டில் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்டிலிருந்துதான் ஃபயர்வால் தானாகவே ஓட ஆரம்பித்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வந்தபோது 445-ஆம் போர்ட். ஓர் அலுவலகத்தில் ஒரு மெஷின் விழுந்தால் பக்கத்து மேசை மெஷினையும் அது தேடிப் போனது. "எங்க ஆபீஸுக்குள்ளதானே சார், வெளியாள் யாரு வரப்போறாங்க" என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஆபத்து பக்கத்து மேசையிலிருந்தும் வரும்.

முதல் கேள்வி: காது கொடுப்பது யார்?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எல்லா மெஷினிலும் போர்ட்டைத் திறந்து வைப்பார்கள். தேவையே இல்லை. இணைப்பை ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் காத்திருந்து வாங்கிக்கொள்வார். காத்திருக்கும் மெஷினில் மட்டும்தான் உள்வரும் விதி வேண்டும்.

ஈசெட் ப்ரொடெக்ட் என்ற நிர்வாக மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும் ஏஜென்ட் என்ற சின்னப் புரோகிராம், சர்வரின் 2222-ஆம் டிசிபி போர்ட்டைத் தேடிப் போய்ப் பேசுகிறது. ஆகவே விதி சர்வரில்தான். (டிசிபி, யுடிபி இரண்டும் நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் இரு முறைகள்.) காஸ்பர்ஸ்கி செக்யூரிட்டி சென்டர் என்ற இன்னொரு நிர்வாக மென்பொருளில் ஏஜென்ட்கள் சர்வரின் 13000-ஆம் டிசிபி போர்ட்டுக்கு வருகின்றன. அதோடு சர்வர் அவ்வப்போது ஏஜென்ட்டைத் தட்டி எழுப்ப, மெஷின்களில் 15000-ஆம் யுடிபி போர்ட் வேண்டும். அதாவது அங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொரு விதி. உங்களிடம் இருப்பது வேறு மென்பொருள் என்றால், அதன் கையேட்டில் போர்ட் பட்டியல் என்று ஒரு பக்கம் நிச்சயம் இருக்கும். போர்ட் எண், டிசிபியா யுடிபியா, யாரிடமிருந்து யாருக்கு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன எண்ணை அப்படியே போடாதீர்கள். அவருடைய மென்பொருள் வேறாக இருக்கலாம், நிறுவும்போது எண்ணை மாற்றியும் இருக்கலாம்.

மென்பொருள் உண்மையிலேயே காது கொடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். அடியில் லிசனிங் போர்ட்ஸ் என்ற பட்டியல் இருக்கும். எந்தப் புரோகிராம், எந்த எண், அதற்கு ஃபயர்வாலின் நிலை என்ன என்பதெல்லாம் அங்கே வரிசையாகத் தெரியும். உங்கள் ஆன்டிவைரஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் ஃபயர்வாலில் என்ன எழுதியும் பயனில்லை. முதலில் மென்பொருளைச் சரிசெய்ய வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இப்போது வாசலில் நிற்பது யார் என்று பாருங்கள். சில ஆன்டிவைரஸ்கள் தங்கள் சொந்த ஃபயர்வாலோடு வரும். அது பொறுப்பேற்றுக்கொண்டிருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பக்கத்தில் அதன் பெயர் தெரியும். அப்போது விதியை அந்த மென்பொருளுக்குள்தான் எழுத வேண்டும். விண்டோஸ் பக்கம் எழுதிவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, இருக்கும் விதிகளை ஒரு நகல் எடுத்து வையுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் டபிள்யூ, எஃப், புள்ளி, எம், எஸ், சி என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஃபயர்வாலின் முழு ஜன்னல் திறக்கும். ஆக்‌ஷன் மெனுவில் எக்ஸ்போர்ட் பாலிசி என்று இருக்கும். தேதியைப் பெயராக வைத்துச் சேமித்துவிடுங்கள். ஏதாவது குழம்பினால் அதே மெனுவில் இம்போர்ட் செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

விதி எழுதுவது

சரி, இப்போது அந்த ஜன்னலிலேயே இடப்பக்கம் இன்பவுண்ட் ரூல்ஸ், வலப்பக்கம் நியூ ரூல். நான்கு வகை கேட்கும். பெரும்பாலும் எல்லோரும் போர்ட் என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் கஸ்டம் என்பதைத்தான் எடுக்கச் சொல்வேன். அதில்தான் புரோகிராம், போர்ட், முகவரி மூன்றையும் ஒரே விதியில் சேர்க்க முடியும். போர்ட்டை மட்டும் திறந்தால், நாளைக்கு அதே எண்ணில் வேறொரு புரோகிராம் வந்து உட்கார்ந்தாலும் வழி கிடைத்துவிடும்.

புரோகிராம் கேட்கும் இடத்தில் காது கொடுக்கும் கோப்பையே காட்டுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியும் சின்னப் படம் வெறும் முகப்பு. உண்மையில் வேலை செய்வது பின்னால் ஓடும் சர்வீஸ். சர்வீசஸ் ஜன்னலில் அதன் பெயரை இரண்டு முறை கிளிக் செய்தால் கோப்பு இருக்கும் முழுப் பாதையும் தெரியும், அதையே எடுத்துப் போடலாம். சில மென்பொருள்களில் ஃபோல்டர் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். அப்டேட் வந்து எண் மாறினால் நம் விதி செத்துவிடும். "நேற்று வரை ஓடிச்சு, இன்னைக்குக் காட்டலை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து டிசிபி அல்லது யுடிபி, பிறகு லோக்கல் போர்ட். ஸ்பெசிஃபிக் போர்ட்ஸ் என்பதைத் தேர்ந்து, தாளில் எழுதிய எண்ணைப் போடுங்கள். ரிமோட் போர்ட்டைத் தொடாதீர்கள். வருகிறவர் எந்த எண்ணிலிருந்து கிளம்புவார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும்.

ஸ்கோப் என்ற பக்கத்தைத்தான் பலரும் பார்க்காமலேயே நெக்ஸ்ட் அடிக்கிறார்கள். இந்த வேலையிலேயே முக்கியமான பக்கம் என்று நான் நினைப்பது இதைத்தான். ரிமோட் முகவரி என்ற இடத்தில் எந்த முகவரியும் என்றுதான் முதலில் இருக்கும். அதை மாற்றுங்கள். சர்வரில் விதி எழுதுகிறீர்கள் என்றால் ஆட் பட்டனை அழுத்தி, லோக்கல் சப்நெட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் மெஷின்கள் மட்டும் உள்ளே வரும். மற்ற மெஷின்களில் எழுதுகிறீர்கள் என்றால் சர்வரின் ஐபி முகவரியை மட்டும் போடுங்கள், உதாரணமாக 192.168.1.10. அந்த ஒரே ஒரு மெஷினைத் தவிர வேறு யார் தட்டினாலும் இந்த விதி திறக்காது.

இதற்கு சர்வரின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு ரவுட்டர் மறுபடி எழும்போது முகவரிகளை மாற்றிக் கொடுத்துவிடலாம். நேற்று 10-இல் இருந்த சர்வர் இன்று 14-இல் இருக்கும், விதி பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்பில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் சர்வருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஆக்‌ஷன் பக்கம். அங்கே ஒரு குழி இருக்கிறது. மேலே இருப்பது இணைப்பை அனுமதி. அதற்குக் கீழே, பாதுகாப்பாக இருந்தால் மட்டும் அனுமதி என்று ஒன்று. பெயரைப் பார்த்ததும் அதுதான் நல்லது போலத் தோன்றும். ஆனால் அது ஐபிசெக் என்ற தனி ஏற்பாட்டை இரண்டு பக்கமும் செய்து வைத்திருக்கும் அலுவலகங்களுக்கானது. நம் அலுவலகங்களில் அது இருக்காது, இணைப்பு வரவே வராது. முதலாவதையே எடுங்கள்.

ப்ரொஃபைல் பக்கத்தில் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்றும் டிக் ஆகியிருக்கும். மெஷின் எந்த வகை நெட்வொர்க்கில் இருக்கும்போது விதி செல்லும் என்பதை இவை சொல்கின்றன. பப்ளிக்கை எடுத்துவிடுங்கள். முதலாளியின் லேப்டாப் ஓசூர், பெங்களூரு என்று போய் லாட்ஜ் வைஃபையில் சேரும்போது இந்த வாசல் தானாக மூடிக்கொள்ள வேண்டும். கடைசியாகப் பெயர். "டெஸ்ட்", "நியூ 1" என்றெல்லாம் வைக்காதீர்கள். மென்பொருளின் பெயர், போர்ட், எழுதிய தேதி மூன்றும் பெயரிலேயே இருந்தால் இரண்டு வருடம் கழித்து வருபவருக்கும் புரியும்.

எல்லாம் செய்தும் வரவில்லையா?

காவேரிப்பட்டினம் ரோட்டில் ஓர் ஆலை அலுவலகம். ஆறு மெஷின். சீசன் நேரம், வாசலில் லாரிகள், உள்ளே எடைச்சீட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். ஆன்டிவைரஸின் நிர்வாக மென்பொருள் கணக்கர் அம்மாவின் மெஷினில் இருந்தது. ஃபயர்வாலை அணைத்தால் ஐந்து மெஷினும் அதில் காட்டும், போட்டால் ஒன்றும் காட்டாது. எனக்கு முன்னால் வந்தவர் போர்ட்டுக்கு விதி எழுதித்தான் பார்த்திருக்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை. வேலை செய்யாததால், ஃபயர்வாலே கெட்டுவிட்டது என்று அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலை மெதுவாகக் கீழே இறக்கிப் பார்த்தேன். பச்சை டிக்குகளுக்கு நடுவே அந்த மென்பொருளின் பெயரில் இரண்டு வரிகள், இரண்டின் முன்னாலும் சிவப்பு வட்டம். ஒன்று டிசிபி, ஒன்று யுடிபி. அந்த அம்மாவிடம் கேட்டேன். "முதல் நாள் ஏதோ ஒரு பெட்டி வந்துச்சுங்கண்ணா, இங்கிலீஷ்ல நெறைய எழுதியிருந்துச்சு. எதுக்கு வம்புன்னு கேன்சல் குடுத்துட்டேன்" என்றார். அவர் செய்ததில் தப்பில்லை. தெரியாத பெட்டிக்கு வேண்டாம் என்று சொல்வது நல்ல பழக்கம். ஆனால் கேன்சல் கொடுத்தால் விண்டோஸ் சும்மா இருப்பதில்லை, அந்தப் புரோகிராமைத் தடுக்கும் விதிகளை எழுதி வைத்துவிடுகிறது. அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். நோட்டில் "உள்ளே விடு" என்று எத்தனை வரி எழுதினாலும், "இவரை விடாதே" என்ற ஒரு வரி இருந்தால் வாட்ச்மேன் விடமாட்டார். அந்த இரண்டு சிவப்பு விதிகளையும் நீக்கினேன். ஃபயர்வாலைப் போட்டேன். தேநீர் வருவதற்குள் ஐந்து மெஷினும் வந்துவிட்டன.

அதனால், விதி எழுதியும் வேலை நடக்கவில்லை என்றால் முதலில் சிவப்பு வட்டங்களைத் தேடுங்கள். அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் பிரைவேட் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, உள்வரும் எல்லா இணைப்புகளையும் தடு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் அனுமதிப் பட்டியல் முழுக்கச் செல்லாது. மூன்றாவது, நெட்வொர்க் பப்ளிக்காக மாறிவிட்டதா என்று பாருங்கள். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க், பெரும்பாலும் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் பிரைவேட் என்று மாற்றினால் விதி உயிர் பெறும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் ஃபயர்வால் எதைத் தடுத்தது என்று எழுதி வைக்கும் பதிவேட்டை (லாக்) திறக்க வேண்டியதுதான். அதே ஃபயர்வால் ஜன்னலில் ப்ராப்பர்ட்டீஸ், பிரைவேட் ப்ரொஃபைல், லாகிங், கஸ்டமைஸ் என்று போய், ட்ராப் ஆன பாக்கெட்டுகளை, அதாவது தடுக்கப்பட்ட தகவல் துண்டுகளை, பதிவு செய் என்பதற்கு யெஸ் கொடுங்கள். பதிவேடு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். ஐந்து நிமிடம் விட்டு, அந்தக் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்து நோட்பேடில் திறந்தால் வரிசையாக வரிகள் இருக்கும். ஒரு வரியில் தேதி, நேரம், அப்புறம் ட்ராப் என்ற சொல், டிசிபி, 192.168.1.23, 192.168.1.10, 51544, 2222 என்று இருந்தால் என்ன அர்த்தம்? 23-ஆம் மெஷின் 10-ஆம் மெஷினின் 2222-ஐத் தட்டியது, ஃபயர்வால் தடுத்தது. நம் விதியில்தான் எங்கோ பிழை. நம் எண் உள்ள வரியே இல்லை என்றால் ஃபயர்வாலைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பாக்கெட் பெரும்பாலும் வாசல்வரை வரவே இல்லை. கேபிள், சுவிட்ச், ஏஜென்ட்டில் கொடுத்த சர்வர் முகவரி ஆகியவற்றைப் பாருங்கள்.

சோதனை

சர்வரிலேயே உட்கார்ந்துகொண்டு சோதிக்காதீர்கள், தன் வீட்டுக் கதவைத் தானே உள்ளிருந்து தட்டுவது போல் ஆகிவிடும். வேறொரு மெஷினில், கட்டளை தட்டும் ஜன்னலான பவர்ஷெல்லைத் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையோடு சர்வரின் முகவரியையும், போர்ட் என்ற குறிப்போடு எண்ணையும் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது. இது டிசிபிக்கு மட்டும்தான், யுடிபியை இதில் பார்க்க முடியாது. மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் போகவில்லை என்று பதறவும் வேண்டாம். பிங் வேறு வழி, அது மூடியிருந்தாலும் நம் போர்ட் திறந்திருக்கலாம்.

தொடக்கூடாத இடங்கள்

இத்தனையும் அலுவலகத்துக்குள் நடக்கும் வேலை. இதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வருவதை உள் மெஷினுக்குத் திருப்பிவிடுவது, எதுவும் செய்யாதீர்கள். அது உலகம் முழுவதற்கும் கதவைத் திறப்பது. முக்கியமாக, தூரத்திலிருந்தே மெஷினை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்டை வெளியே திறந்து வைக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். "ஆன்டிவைரஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், ஃபயர்வாலை அணைத்துவிட்டு இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று தானாக வரும் போனை அப்போதே வைத்துவிட வேண்டும். உண்மையான ஆன்டிவைரஸ் வேலை செய்ய ஃபயர்வாலை முழுதாக அணைக்கத் தேவையே இல்லை. பேச்சை நம்பிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைப் பாதியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. இந்த எண்ணைக் கணக்கர் மேசைக்கு மேல் ஒட்டி வைக்கச் சொல்வது என் வழக்கம்.

நீங்கள் எழுதிய விதிகளை அலுவலக நோட்டிலும் ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள்: எந்த மெஷின், எந்த எண், யாருக்காக. ஆன்டிவைரஸை மாற்றும் நாளில் அந்தப் பக்கத்தை எடுத்து, பழைய விதிகள் ஒவ்வொன்றையும் வலது கிளிக் செய்து முதலில் டிசேபிள் ஆக்குங்கள். ஒரு வாரம் பாருங்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் டெலீட் செய்துவிட்டு, நோட்டிலும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.